வெளிப்பூட்டு

மார்ச் முதல் ஞாயிறன்று மண்ணூரில், நான் முன்பு குடியிருந்த தெருவில், தீ விபத்துத் தடுப்பு வகுப்பு நடந்தது. எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஸ்ரீவத்ஸன் ஏற்பாடு செய்திருந்தார். பாதுகாப்பு வாரத்தில் கம்பெனிக்குள் மட்டும் பேசிப் பயனில்லை, தொழிலாளிகள் குடியிருக்கிற இடத்திலும் பேச வேண்டும் என்பது அவர் கருத்து. நல்ல கருத்துதான். "கடைசியில் நீங்கள் ஐந்து நிமிடம் பேசுங்கள், நம்பி" என்றார். என்ன பேசுவது என்று கேட்டேன். அவரே எழுதித் தந்தார்.

என் மனைவி செல்வலட்சுமி அந்தத் தெருவில்தான் எரிந்தாள். ஏழு மாதம் ஆகிறது.

ஒரே வரிசையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, தெருவைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல். குடியிருப்பவர்கள் எல்லாரும் என்னைப் போலத் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வீட்டுக்காரர் சரோஜாம்மா உள்ளூர். பக்கத்து ஓட்டு வீட்டில் இருக்கிறார். முதல் ஷிஃப்டுக்கு ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும். மனைவியை எழுப்பி உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்வதற்குப் பதிலாக வெளியே பூட்டிவிட்டுப் போவோம். தூங்கட்டும் என்றுதான். இன்னொரு சாவி சரோஜாம்மாவிடம் இருக்கும். ஏழு மணிக்கு வந்து திறந்துவிடுவார்.

அன்று அவர் தண்ணீர் லாரிக்குப் போயிருந்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது. செல்வலட்சுமி ஆறரைக்கு ஸ்டவ்வைப் பற்றவைத்திருக்கிறாள். பூட்டை உடைக்க ஆறு நிமிடம் ஆனது என்றார்கள். அவள் இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் கேட்டபோது ஸ்டவ் வெடித்தது என்று மட்டும் சொன்னாள். பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சரோஜாம்மாவும் சொல்லவில்லை. அதன் பிறகு பாதி அறைகளில் ஆள் மாறிவிட்டார்கள். நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

வகுப்புக்கு முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். ஸ்ரீவத்ஸன் தகரத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துக் காட்டினார். தீயணைக்கும் சிவப்பு உருளையைத் தூக்கி, வீட்டுக்கு ஒன்று இருந்தால் நல்லது என்றார். கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சி எழுந்தாள்.

"இத எங்க சார் வைக்க? கால நீட்டிப் படுக்கவே எடம் இல்ல. வேணும்னா எங்க வீட்டுக்காரர வெளிய போட்டுருதேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்ரீவத்ஸனும் சிரித்தார்.

என் முறை வந்தது. காகிதத்தைப் பார்த்து வாசித்தேன். எரியும் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. சமைக்கும்போது பருத்திப் புடவை கட்ட வேண்டும். என் மனைவி செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள் என்பது கடைசி வரி. அதை வாசிப்பதற்கு முன் நிமிர்ந்தேன்.

நான்காவது அறை எங்களுடையது. சுண்ணாம்பு அடித்துப் புதுக் கதவு போட்டிருந்தார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் குடிவந்த மாரிசெல்வத்தின் மனைவி, பாண்டிச்செல்வி. கல்யாணமாகி இரண்டு மாதம். மாரிசெல்வம் ஞாயிறு ஓ.டி.க்குப் போயிருந்தான். கேட்டால் திறந்துவிடுங்கள் என்று சரோஜாம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் கேட்கவில்லை.

காகிதத்தை மடித்தேன்.

"அவ ஒரு தப்பும் பண்ணல. நான் வெளிய பூட்டிட்டுப் போயிட்டேன். அவளால வர முடியல."

 பெண்கள் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார்கள். சரோஜாம்மா எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்தார். திரும்பி வந்து, இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து மேஜையில் நோட்டீஸ்களின் மேல் வைத்தார்.

"ஏழு மாசம் கம்முனு இருந்துட்டு இப்ப வந்து சொல்றியே நம்பி. நானுந்தான் தெனம் அந்தக் கதவாண்ட போய்க்கினு வந்துக்கினு கீறேன். இனிமே எவன் வூட்டு சாவியும் எங்கையில வாணாம். அவங்கவங்க எடுத்துக்கட்டும்."

வகுப்பு முடிந்ததும் வழக்கமாக எடுக்கும் போட்டோவை ஸ்ரீவத்ஸன் எடுக்கச் சொல்லவில்லை.

மாலையில் மாரிசெல்வம் ஹாஸ்டலுக்கு வந்தான். சண்டைக்கு வந்தவன் மாதிரி இல்லை. போன வாரம் விடியற்காலையில் யாரோ கதவைத் தட்டியதாகவும், அவள் பயந்துபோயிருப்பதாகவும் சொன்னான். வேறு யாரையும் நம்பிச் சாவி கொடுக்க முடியாது என்றான். உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல் என்றேன்.

"அவ நல்லா தூங்குதா அண்ணே. எழுப்ப மனசு வரல."

இரண்டு சாவியும் அவன் சட்டைப் பையில் இருந்தன. நான் பேசியதால் நடந்தது அதுதான்.

மறுநாள் எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். ஆறரைக்கே கிளம்பி அந்தத் தெருவுக்குப் போனேன். ஸ்க்ரூடிரைவரை முந்தின நாளே பையில் வைத்திருந்தேன். நான்காவது அறையில் பூட்டுத் தொங்கியது. உள்ளே ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது. அது நின்று, அடுப்பு இரைய ஆரம்பித்தது.

நாதாங்கியின் திருகாணிகள் வெளியே தெரிந்தன. நான்கு. முதலாவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்ததும் பாண்டிச்செல்வி ஜன்னலுக்கு வந்தாள். நான் யார், என்ன செய்கிறேன் என்று சொன்னேன்.

"வேண்டாண்ணே. அவுக வந்தா ஏசுவாக. அவுக இல்லாதப்ப ஒரு ஆம்பள கதவத் தெறந்தா இந்தத் தெருவு என்ன பேசும்?"

பேசத்தான் செய்யும். பல் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஏற்கெனவே நின்று பார்த்தார்கள். நான் முதல் திருகாணியைக் கழற்றினேன்.

சரோஜாம்மா குடத்தோடு வந்தார். பார்த்தார். பேசாமல் போயிருக்கலாம். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"இன்னா பாக்குற? நாந்தான் கழட்டச் சொன்னேன். என் வூட்டுக் கதவு," என்று அந்த இருவரிடமும் சொன்னார்.

மூன்றாவது திருகாணி வழுக்கியது. அதற்கு நேரம் பிடித்தது. அதற்குள் என் கம்பெனி பஸ் போயிருக்கும். மூன்று மணிக்கு மாரிசெல்வம் ஷிஃப்ட் முடிந்து வருவான். நேரே என்னைத் தேடித்தான் வருவான். வரட்டும்.

நாதாங்கி பூட்டோடு கையில் வந்தது. வாசலில் வைத்தேன். கதவைத் தள்ளினேன். பாண்டிச்செல்வி என்னையும் சரோஜாம்மாவையும் பார்த்தாள். வெளியே வரவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, பாலை இறக்கப் போனாள்.