காலியானால் ஓடாத வண்டி

1

இந்தக் கதை ஒரு பிக்கப்பின் பின்னால் பிறந்தது. தைப்பூச வாரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் சந்தில் ஒரு பழைய பெட்ரோல் வண்டி என் காரை மறித்து நின்றது. ஓட்டுநர் தேங்காய் மூட்டைகளை இறக்கினார். கடைசி ஐந்தை மட்டும் இறக்காமல் தார்ப்பாயை இழுத்து மூடினார். ஏனென்று கேட்டேன்.

"காலியா இருந்தா ஸ்டார்ட் ஆவாது, பாஸ்."

இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்று தெரிந்தும் வேறு இரண்டு எழுதிப் பார்த்தேன்.

பந்திங்கின் செம்பனைகளுக்கு மேல் சூரியன் (வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.)

அம்புரோஸ் ஒரு தனிமையான (பொய். அவருக்கு மூன்று மைத்துனர்கள்.)

2

அம்புரோஸ் பந்திங்கிலிருந்து தேங்காய் கொண்டுவருபவர். வாங்குபவர், சந்து முனையில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் பவுனம்மாள்.

"நாளைக்கு முழு லோடும் இறங்கணும். இல்லாட்டி கிள்ளான்காரர்கிட்ட சொல்லிடுவேன்லா."

"அக்கா, அந்த அஞ்சு மூட்டையும் தேங்கா இல்ல. வண்டிக்கு பெட்ரோல் ஏத்துற பம்ப்போட பாதி."

"உங்க பம்ப்ப சாமிக்கு உடைக்க முடியுமா?"

தைப்பூசம்தான் அம்புரோஸின் பெரிய வியாபாரம். கிள்ளான்காரர் ஒருமுறை நுழைந்துவிட்டால் அதோடு போயிற்று.

3

அம்புரோஸின் போர்மன் வாசு. (எங்கள் ஊரில் வண்டி மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம்.) முதல் வரைவில் வாசுவை மேதையாக எழுதினேன். மேதைகள் இரண்டாம் பத்தியிலேயே கதையை முடித்துவிடுகிறார்கள். ஆகவே இந்த வாசு ஃபியூஸைப் பார்த்தார், ரிலேயை மாற்றினார், மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பை பம்ப்புக்கு வரும் வயரிலும் வைத்தார். பன்னிரண்டு வோல்ட்.

"கரண்ட் வருதுண்ணே. பம்ப்தான் போச்சு."

புது பம்ப் போட்டார். அதுவும் சுமை இருந்தால் மட்டுமே ஓடியது.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும், கொஞ்சம் பொறுங்கள். மின்சாரம் பம்ப்புக்குப் போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பியும் வரவேண்டும். போகும் வழியை வாசு அளந்தார். திரும்பும் வழியை அளக்கவில்லை.

4

மறுநாள் கடை வாசலில் வாசுவும் வந்து நின்றார். சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு விநாடி முனகவேண்டும். ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, ஒவ்வொரு முறையும் திருப்பினார்கள். ஐந்து மிச்சமிருக்கையில் முனகியது. நான்கானதும் நிசப்தம்.

"நான் ஏறி உக்காந்தா?" என்றார் பவுனம்மாள். ஸ்டூல் போட்டு ஏறி, மூட்டைமேல் அமர்ந்து, முந்தானையைச் சரிசெய்தார். வண்டி முனகியது.

"பாத்தியா, மரியாத தெரிஞ்ச வண்டி."

(மாற்று முடிவு ஒன்று: அவரையே ஏற்றிக்கொண்டு அம்புரோஸ் பந்திங் போகிறார், கடையை யார் பார்ப்பது என்பதில் கதை சிக்கிக்கொள்கிறது. இரண்டு: தேங்காய்க்கு ஈடான எடையில் தினமும் அரிசி வாங்கிப் போகிறார். மைத்துனர்கள் பருக்கிறார்கள். மூன்று: அம்புரோஸ் வானத்தைப் பார்த்து)

பார்க்கவில்லை. பவுனம்மாள் கீழே இறங்கியதும் வாசு வண்டிக்கு அடியில் போனார். கறுப்பு முனை அதே பேட்டரி மைனஸில். சிவப்பை இந்த முறை, பம்ப்பிலிருந்து திரும்பும் வயரில் வைத்தார். வழி நன்றாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும்.

"அண்ணே, சாவி."

பன்னிரண்டு.

"அப்ப என் புது பம்ப்?" என்றார் அம்புரோஸ்.

"நல்ல பம்ப்ண்ணே. பழசும் நல்ல பம்ப்தான்."

பவுனம்மாள் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் திறமை போதாது.

5

அடுத்த வருடமும் பவுனம்மாள் இவரிடம்தான் வாங்குவாரா, பழைய பம்ப்பைப் பற்றி இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் வயர் விஷயத்தில் உங்களுக்கு உரிமை இல்லை. அது நடந்தபடியேதான் இருக்கவேண்டும்.

பம்ப்பின் திரும்பும் வயர், மூட்டை ஏற்றும் பின்தொட்டியின் இரும்பில் திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தது. தொட்டி, பேட்டரி மைனஸ் பிணைந்திருக்கும் அடிச்சட்டமான சேஸின்மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் இணைத்த எர்த் பட்டை துருவேறி அறுந்திருந்தது. சுமை ஏறினால் ரப்பர் அமுங்கி இரும்பும் இரும்பும் தொட்டன, இறங்கினால் விலகின. வாசு இரண்டு இடங்களிலும் துருவைச் சுரண்டி, தொட்டியிலிருந்து சேஸுக்குத் தடித்த வயர் ஒன்றை முடுக்கினார். கடைசி மூட்டையும் இறங்கியது. காலி வண்டி ஸ்டார்ட் ஆனது.