ஒன்பதாம் அத்தியாயத்தில் ஓர் ஈரத்துணி

என் கணவர் நாவலாசிரியர். அவர் நாவல்களில் வரும் குடிகாரர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். போதை ஏறினால் தத்துவம் பேசுவார்கள், வாந்தி மட்டும் எடுக்கவே மாட்டார்கள். மனைவிமார் சிரித்துக்கொண்டே மன்னிப்பார்கள். முப்பது வருடமாக நான்தான் புரூஃப் பார்க்கிறேன். எழுத்துப்பிழையைத் தவிர எதிலும் கைவைத்ததில்லை. நான் கழுவிய வாந்தியைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை என்பதில் எனக்கு எரிச்சல்தான்.

அவர் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. இனி குடித்தால் கல்லீரல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இன்று காலை புது நாவலின் புரூஃப் வந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் நாயகன் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குள் பாட்டிலை ஒளித்துவைக்கிறான். பீங்கான் மூடி உரசிச் சத்தம் போடாமலிருக்க, விளிம்பில் ஈரத்துணியைச் சுற்றுகிறான்.

அவருடைய பழைய தந்திரங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. புத்தக அலமாரி, ஷூ, இருமல் மருந்துப் பாட்டில். ஈரத்துணி அதில் இல்லை.

கூடத்தில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டேன். தொட்டி மூடியைத் தூக்கினேன். சத்தமே வரவில்லை.

உள்ளே அரை பாட்டில் மிச்சமிருந்தது. துணியை மட்டும் உருவிக்கொண்டு வந்தேன். புரூஃப் ஓரத்தில், "அவன் மனைவி பார்த்துவிட்டாள்" என்று சிவப்பு மையில் எழுதி அவர் மடியில் வைத்தேன்.

படித்தார். முகம் வெளுத்துப்போனது.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

"வாய் வரல. எப்படியும் நீதானே முதல்ல படிப்பே?"

அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"போய் உங்க கையாலயே கொட்டுங்க. அப்புறம் நேரா டாக்டர்கிட்ட போறோம்."

புரூஃபை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார். நான் அத்தியாயத்தின் கடைசி வரிக்கு வந்தேன். 'மனைவி சிரித்தபடி அவன் தலையைக் கோதினாள்.' அந்த வரியைக் காகிதம் கிழியும்படி அடித்தேன்.

மூடி உரசும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அடுத்து கொட்டும் சத்தம் வர வேண்டும். வரவில்லை. என் கையிலிருந்த ஈரத்துணியிலிருந்து தண்ணீர் புரூஃப் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

"தனியா முடியல," என்றார் உள்ளேயிருந்து. "நீயும் வாயேன்."

ஓடினேன்.