தாய்மாமன் மரியாதை

பரிசு விழா முடிந்ததும் அக்கா மகள் குள்ளம்மாளைத் தன் ஊரான ஏரியூருக்கு அழைத்துப் போவதற்காகத்தான் தீர்த்தகிரி கம்பைநல்லூர் வந்திருந்தான். அவன் மனைவி இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. கைக்குழந்தையோடு அம்மாவால் மல்லுக்கட்ட முடியவில்லை. குள்ளம்மாளை அவனுக்குக் கட்டிவைப்பது என்று அம்மாவும் அக்கா மாதம்மாளும் பேசி முடித்துவிட்டார்கள். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமனுக்கு இல்லை என்று யார் சொல்வது? அவன் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனைவி போனதிலிருந்து அவன் எதற்கும் எதுவும் சொல்வதில்லை.

பள்ளி மைதானத்தில் வெயில் தணியவில்லை. அவனுக்கு உட்கார முடியவில்லை. வேப்பமரம் வரை போவதும் திரும்புவதுமாக இருந்தான்.

"உக்காருடா தம்பி. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிரலாம். துணியெல்லாம் மூட்டை கட்டிட்டேன்" என்றாள் மாதம்மாள்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாமயா? காலையிலருந்து சோறு திங்கல."

குள்ளம்மாள் மேடையோரம் வரிசையில் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் ஒரு வருடம் போனால் பதினோராம் வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. அவன் சேலத்தில் பி.ஏ. முடித்தபோது ஊரே வாசலில் வந்து பார்த்தது. இவள் படிப்பதை இன்றுதான் நாலு பேர் பார்க்கிறார்கள்.

ஹமீதுன்னிசா டீச்சர் மைக்கில் அவள் பெயரைச் சொன்னார். பத்தாம் வகுப்பில் முதல் மாணவி. கைதட்டல் அடங்கியதும் டீச்சர் தொடர்ந்தார்.

"நம்ம பக்கம் எந்த நல்ல காரியத்துக்கும் மொத மரியாதை தாய்மாமனுக்குத்தான். அப்பா இல்லாத புள்ளைய இவ்வளவு தூரம் படிக்க வெச்சவரு இங்க வந்திருக்காருங்க. அவரு கையாலயே பரிசு வாங்கட்டும்."

தாய்மாமன் இருந்தால் அவன்தான் படிக்க வைத்திருப்பான் என்று டீச்சர் நினைத்துவிட்டார். அவன் ஒரு சிலேட்டுகூட வாங்கித் தந்ததில்லை.

"போங்க மாமா! கல்யாண மாப்பிள்ளையாட்டம் கூச்சப்படறீங்க!" பின்னாலிருந்து யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. மாதம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

மேடையில் அவனுக்கு மாலை போட்டார்கள். எவர்சில்வர் தட்டை நீட்டினான். குள்ளம்மாள் தலை நிமிராமல் அதை வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் மாமாதான் வந்து குடுக்கணும். வருவீங்கதானே?" மைக்கிலேயே கேட்டார் டீச்சர்.

தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் ஆட்டியது தெரிந்தது.

சாயங்காலம், ஏரியூருக்கு மாறிப்போக வேண்டிய தருமபுரி பஸ் வந்து நின்றது. மாதம்மாள் ஏற்றப்போன துணிமூட்டையை வாங்கிக் குள்ளம்மாளிடம் கொடுத்தான்.

"வூட்டுக்குக் கொண்டுபோ."

"என்னடா இது? ஆத்தாளுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"இத்தன பேரு முன்னாடி மாலை போட்டுட்டாங்கக்கா."

"மாலையக் கொண்டுபோய்க் காட்டு. குழந்தை அழுவாம தூங்கிரும்."

அவன் பஸ் படியில் கால் வைத்தான்.

"லீவுல வந்து பாப்பாவப் பாத்துக்கறேனுங்க மாமா" என்றாள் குள்ளம்மாள். கண்டக்டர் விசில் ஊதினார். ஏறிக்கொண்டான்.

முன் சீட்டில் ஒருத்தி குழந்தையைத் தோளில் சாய்த்திருந்தாள். அது கண் விழித்து அவனையே பார்த்தது. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். வெகுநேரம் கழித்துத் திரும்பியபோதும் அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது.