சாப்பிட்டுட்டுச் சொல்றேன்

"நடிக்காத. எழுந்திரு" என்று அவள் அண்ணனின் தோளைத் தட்டினாள்.

அவன் எழவில்லை. இடது கையை மேசைமேல் நீட்டி, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்து, கடைசிப் பீரியடில் தூங்கிப்போனவன் மாதிரிக் கிடந்தான். சாப்பிடும் குச்சிகளில் ஒன்று அவன் விரலிடுக்கில் இருந்தது. மற்றது உருண்டு அடுத்த மேசைக்கு அடியில் போயிருந்தது. மூங்கில் தட்டில், இறைச்சி வைத்து ஆவியில் வேகவைத்த பத்து டம்ப்ளிங்கில் ஆறு மிச்சம். ஆவி இன்னும் அடங்கவில்லை.

சின்ன வயதில் செத்துப்போன மாதிரி நடிப்பதில் அவன் கெட்டிக்காரன். மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலில் மல்லாந்து கிடப்பான். அவள் பயந்து அழத் தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்து சிரிப்பான். ஐம்பத்து நாலு வயதில், நாலு வருஷமாக முகம் பாராத தங்கையைச் சாப்பிட வா என்று கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, அந்தப் பழைய விளையாட்டைக் காட்டுகிறானே என்று அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"எல்லாரும் பாக்கறாங்க. அசிங்கமா இருக்கு" என்று இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகவே தட்டினாள். அவனுடைய மூக்குக்கண்ணாடி கழன்று வினிகர்க் கிண்ணத்துக்குள் விழுந்தது. அவன் அதை எடுக்கக் கை நீட்டவில்லை.

முதலில் ஓடிவந்தது சீனக்காரியான கடைக்காரம்மாதான். வாசலை ஒட்டிய மேசையில் மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் இறைச்சி வைத்து மடித்துக்கொண்டிருந்தவள், மாவுக் கையோடு வந்து அவன் கழுத்தைத் தொட்டாள். உடனே அடுக்களைப் பக்கம் திரும்பித் தன் மொழியில் ஒரே ஒரு வார்த்தை கத்தினாள். உள்ளேயிருந்து அவள் புருஷன், சமையல்காரர், அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். புகைபோக்கி விசிறியும் நின்றது. அது அத்தனை நேரம் எவ்வளவு இரைந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அண்ணனைத் தரையில் கிடத்தினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் நெஞ்சை அழுத்தினார்கள். நடுவில் ஒருவர் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க யாரு இவருக்கு?"

"தங்கச்சி."

"ஏற்கெனவே நெஞ்சுவலி ஏதாவது?"

"தெரியல."

"மாத்திரை சாப்பிடறாரா?"

"தெரியல."

"என்ன வேலை பாக்கறாரு?"

"லிஃப்ட் ரிப்பேர்" என்றாள். பிறகு, "இப்பவும் அதுதானான்னு தெரியல."

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வயதைக் கேட்டபோது மட்டும் அவளால் நாள், மாதத்தோடு சொல்ல முடிந்தது.

இருபத்தைந்து நிமிஷம் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையை எடுத்தார்கள். "டாக்டர் வந்து எழுதித் தரணும்மா. அதுவரைக்கும் நகர்த்தக் கூடாது. வேற வண்டி வரும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்கள். ஆறு மேசை போட்ட அந்தச் சின்னக் கடையில், இரண்டு மேசைகளுக்கு நடுவே, அண்ணன் சட்டைப் பொத்தான் திறந்து கிடந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக, குற்றம் செய்தவர்கள் மாதிரி, சுவரை ஒட்டி நடந்து வெளியே போனார்கள். சமையல்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். கடைக்காரம்மா மாடிக்குப் போய் நீலப்பூ போட்ட ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்தாள். அவர்கள் வீட்டில் தினமும் விரிக்கிற விரிப்பாக இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்துப் பூ மங்கியிருந்தது. கழுத்துவரை போர்த்தினாள். முகத்தை மூடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். தங்கை வேண்டாம் என்று தலையசைத்தாள்.

இனி அண்ணிக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணியின் எண் அவளிடம் இல்லை. எப்போதோ கோபத்தில் அழித்திருந்தாள். அண்ணனின் போனை எடுத்து, அவன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துத் திறந்தாள். விரல் இன்னும் சூடாக இருந்தது. மணியடித்த உடனே அண்ணி எடுத்துவிட்டாள்.

"என்னங்க, சாப்பிட்டாச்சா? என்ன சொன்னா?"

"அண்ணி, நான்தான் பேசறேன்."

"அவர் எங்க?"

அண்ணி வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் நகரத்தின் மறுகோடியில். தானே கார் ஓட்டிக்கொண்டு வருவாள். பெரிய சாலை, லாரிகள், பாலம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணனுக்குக் கொஞ்சம் முடியல. மயக்கம் மாதிரி வந்துது. பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. மெதுவா கிளம்பி வாங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"இங்க கடையிலதான் இருக்கோம். பாத்துட்டிருக்காங்க. நீங்க நிதானமா வாங்க."

பேசி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அவளே யோசித்துச் சொன்ன சொற்கள் இல்லை அவை. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே சொற்களை, இதே வரிசையில், அண்ணன் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

அப்போது அவள் வேறு ஊரில் இருந்தாள். ஒரு ராத்திரி ரயில் தூரம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து அண்ணன்தான் பக்கத்தில் இருந்தான். சாயங்காலம் போன் வந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல, மெதுவா கிளம்பி வா. அவளும் நம்பி ரயிலேறினாள். நன்றாகத் தூங்கினாள். எதிர் சீட்டுக்காரி சொன்ன மாமியார் கதைகளுக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். காலையில் இறங்கி உட்கார்ந்து நிதானமாகக் காபி குடித்து, அம்மாவுக்குப் பிடிக்குமே என்று கறுப்புத் திராட்சை வாங்கிக்கொண்டு போனாள். அம்மா வார்டில் இல்லை. அங்கே கையில் கொடுத்த காகிதத்தில் அம்மா இறந்த நேரம் போட்டிருந்தது. நாலு பத்து. அவளுடைய போனில் அண்ணனின் அழைப்பு நாலு நாற்பது.

"செத்துப்போன அம்மாவுக்குத் திராட்சை வாங்க வெச்சியேடா" என்று ஆஸ்பத்திரி நடையில் நின்று கத்தினாள். அவன், "ராத்திரி பூரா ரயில்ல தனியா அழுதுட்டு வருவியேன்னுதான்…" என்று ஆரம்பித்தான். அவள் முடிக்க விடவில்லை. அதற்கப்புறம் அவன் பேசக் கூப்பிட்ட எந்தத் தடவையும் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவள் இந்த ஊருக்கே குடிவந்து, இங்கிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலையில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். போன வாரம் எப்படியோ, கை தவறிய மாதிரி எடுத்துவிட்டாள். "புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வர்றியா? உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

வந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்து, "என்ன சொல்லணும், சொல்லு. ரெண்டு மணிக்கு நான் கடைக்குத் திரும்பணும்" என்றாள்.

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன், கொசு. இது ஆறினா நல்லா இருக்காது."

"அந்தப் பேரெல்லாம் வேண்டாம்."

சரி என்று தலையாட்டினான். ஓரத்தைக் கடித்து உள்ளே இருக்கிற சாற்றை முதலில் உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு வெந்துபோகும் என்று செய்து காட்டினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாலு சாப்பிட்டான்.

இப்போது வினிகர்க் கிண்ணத்திலிருந்து அவன் கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். ஃப்ரேமின் ஒரு திருகாணி போய் அந்த இடத்தில் குண்டூசி வளைத்துச் செருகியிருந்தது. லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அம்மா சாவதற்கு முந்தின வருஷம் அவளே தீட்டி அனுப்பிய லென்ஸ். ஓரத்தை அவள் சீவுகிற விதம் அவளுக்குத் தெரியாதா. இந்த வயதில் பவர் இரண்டு தடவையாவது ஏறியிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகம் அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. மடித்து வைக்க மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கடைக்காரம்மா தன் மேசைக்குப் போய் மறுபடி மாவை மடிக்கத் தொடங்கினாள். அவள் பார்ப்பதைக் கண்டதும் வெட்கப்பட்டு நிறுத்தினாள். "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துப் பேசினாள். "மூணு வருஷமா வர்றார். புதன்கிழமை புதன்கிழமை. எங்க கதவு கெட்டுப்போனா அவர்தான் சரி பண்ணுவார்."

"இன்னிக்கு ஏதாவது சொன்னாரா? வரும்போது?"

"சொன்னார். தங்கச்சி வர்றா, நல்லா பண்ணுங்கன்னார்."

அவள் எழுந்து பக்கத்தில் போனாள். "எதுக்கு வரச் சொன்னாருன்னு ஏதாவது? எங்கிட்ட என்ன சொல்லணும்னு?"

கடைக்காரம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்கிற தவிப்பு அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"உங்களுக்குக் காரம் பிடிக்கும்னார்."

"வேற?"

"இஞ்சி பிடிக்காதுன்னார். அதனால உங்க தட்டுல இஞ்சி போடல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் கடைக்காரம்மா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். சமையல்காரர் குனிந்து, "இன்னிக்கு இல்ல" என்று சொல்லி அனுப்பினார். இப்படி நாலைந்து பேர் வந்து போனார்கள். ஒருவர், "பார்சல்கூட இல்லையா?" என்று கேட்டார்.

மூன்று மணிக்குமேல் டாக்டர் வந்தார். குனிந்து பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார், அவள் சாப்பிடாத தட்டை நகர்த்திவிட்டு அந்த மேசையிலேயே காகிதத்தை வைத்து எழுதினார். "எத்தனை மணிக்கு ஆச்சும்மா?"

இரண்டு மணி இருக்கும் என்று சொன்னால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அண்ணிக்கு அவள் போன் செய்தது ஒன்று ஐம்பதுக்கு.

"ஒண்ணேகால்" என்றாள்.

டாக்டர் எழுதினார். அந்தக் காகிதம் யார் கைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் படி இறங்குவதற்கும் அண்ணி ஷட்டருக்குக் கீழே குனிந்து வருவதற்கும் சரியாக இருந்தது. ஒரு கையில் பெரிய பை, அதற்குள்ளிருந்து ஃபிளாஸ்க்கின் மூடி தெரிந்தது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. "எங்க அவரு? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லாம…" என்று இரண்டடி வந்தாள். நீலப்பூ விரிப்பைப் பார்த்தாள். நின்றாள்.

பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். மண்டியிட்டு அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. வெகு நேரம் எடுக்கவில்லை.

"எப்போ?" என்றாள் திரும்பாமல்.

"ஒண்ணேகாலுக்கு."

"நீ எனக்குப் போன் பண்ணது?"

அவள் கண்ணாடியில் செருகியிருந்த குண்டூசியைத் தடவினாள்.

"மெதுவா வான்னியே" என்றாள் அண்ணி. குரல் உயரவே இல்லை. "வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரில வெச்சுக்குவாங்களோன்னு ரெண்டு சட்டை எடுத்தேன். கசங்கியிருந்துது. உக்காந்து அயர்ன் பண்ணேன். இருபது நிமிஷம்."

"தனியா வண்டி ஓட்டிட்டு வருவீங்களேன்னுதான்…"

அண்ணி கையை உயர்த்தினாள். போதும் என்கிற மாதிரி. அவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு வாரமா தூங்கல அவரு. கொசுகிட்ட பேசப்போறேன், பேசப்போறேன்னு. என்ன பேசப்போறீங்கன்னு கேட்டா, அவகிட்ட சொல்லிட்டு உனக்குச் சொல்றேன்னுட்டாரு." அண்ணி முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன்னாரு."

"அப்புறம்?"

"சாப்பிட்டாரு."

அண்ணி காத்திருந்தாள். இன்னும் ஏதோ வரும் என்பதுபோல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடிக்காத என்று அண்ணனிடம் தான் சொன்னது தங்கையின் நுனிநாக்குவரை வந்தது. அவனுக்கு அது கேட்டிருக்குமா, கேட்காமல் போயிருக்குமா என்று யாரிடம் கேட்பது? விழுங்கிக்கொண்டாள். கண்ணாடியை நீட்டினாள். அண்ணி அதை வாங்கிப் பைக்குள், அயர்ன் பண்ணிய சட்டைகளுக்கு நடுவே வைத்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணியின் தோளைத் தொடப் போனபோது, அண்ணி வெடுக்கென்று இல்லாமல், கூட்டத்தில் யாருக்கோ வழிவிடுகிற மாதிரி, தோளை நகர்த்திக்கொண்டாள்.

வண்டி வந்தது. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு குனிந்து எட்டிப் பார்த்தார்கள். "இந்த இடத்துல திருப்ப முடியாதுங்க. மேசையெல்லாம் வெளிய எடுத்தாத்தான்" என்றார் ஒருவர். சமையல்காரர் ஷட்டரை முழுசாக ஏற்றினார். அத்தனை நேரம் மங்கலாக இருந்த கடைக்குள் மத்தியான வெயில் ஒரேயடியாகப் புகுந்தது. அண்ணி விரிப்பை இழுத்து அவன் முகத்தை மூடினாள்.

மேசைகளைத் தூக்கத் தங்கையும் ஒரு பக்கம் பிடித்தாள். ஒன்றும் செய்யாமல் நிற்பதைவிட அது மேலாக இருந்தது. ஒவ்வொரு மேசையாக, பிறகு நாற்காலிகளையும், நடைபாதைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். கடைக்காரம்மா பழக்க தோஷத்தில் நாற்காலிகளை மேசையைச் சுற்றி நேராகப் போட்டாள். கடைசி மேசையை இறக்கிவிட்டு அவர்கள் உள்ளே திரும்பினார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

தெருவில் வந்துகொண்டிருந்த ஒரு வயதான தம்பதி நின்று, மேசைகளைப் பார்த்தார்கள். கணவர் ஒரு நாற்காலியை இழுத்து மனைவியை உட்காரவைத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார். மனைவி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலில் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவது இருவருக்கும் பிடித்திருந்தது போல. யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று, அவசரமில்லாமல், கடையின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.