கைமாறாத பந்து

“நான் அந்த வட்டத்துல வந்து நிக்க மாட்டேன் பூவு. வேற ஆளப் பாத்துக்கோ.”

நீலமேகம் தட்டைத் தள்ளி வைத்தார். இட்லி அப்படியே இருந்தது. புளியந்தோப்புக் குடியிருப்பின் அந்த ஒற்றை அறையில் அவர் மகள் பூவம்மா, லேப்டாப் பையைத் தோளில் மாட்டியபடி கதவை மறித்து நின்றாள்.

“இன்னிக்கு நீ வந்தே ஆவணும் நைனா. டைரக்டர் வர்றாரு. அவரு முன்னாடி அந்த மேனேஜர் செல்வநாதன் உங்கையிலேர்ந்து பந்த வாங்கணும். வாங்க வெக்கறேன் பாரு. அந்தாளு மூஞ்சி போற போக்க நான் பாக்கணும்.”

அப்பாவும் மகளும் வேலை பார்ப்பது எண்ணூரில் ஒரே கண்டெய்னர் யார்டில்தான். அவர் காண்டிராக்ட் ஆள். பல வருடமாகக் காலி கண்டெய்னர்களைக் கழுவுகிறார். அவள் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை கற்று, போன வருடம் நிர்வாகத்தை மாற்றி அமைக்க வந்தவள். அஜைல் என்று அதற்குப் பெயர். மேலே ஒருவர் உட்கார்ந்து அதட்ட, கீழே பத்துப் பேர் ஓடுவது பழைய முறை. புதிய முறையில், வேலை செய்கிறவர்களே தினமும் காலையில் வட்டமாக நின்று நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எது தடையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தடையை நீக்குவதுதான் தலைவரின் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் வட்டம் போடுவது சுலபம், அதில் யார் பக்கத்தில் யார் நிற்பது என்பதில்தான் வண்டி குடை சாயும்.

மேனேஜரே முழு நேரமும் பேசித் தீர்த்துவிடக் கூடாது என்று பூவம்மா ஒரு மஞ்சள் ஸ்பாஞ்ச் பந்தைக் கொண்டுவந்தாள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேசி முடித்தவர் தனக்கு இஷ்டமானவருக்கு அதைக் கைக்குக் கை கொடுக்க வேண்டும். வண்டிகள் காத்துக் கிடப்பது கழுவும் இடத்தில்தான் என்று தெரிந்ததும் கழுவுகிறவர்களையும் வட்டத்தில் சேர்த்தாள். அப்படித்தான் நீலமேகம் அங்கே வந்து நின்றார்.

முதல் நாள் பேசி முடித்துவிட்டு, மரியாதையாக மேனேஜர் செல்வநாதனிடம் பந்தை நீட்டினார்.

“கீழ வைப்பா,” என்றார் செல்வநாதன்.

நீலமேகம் தரையில் வைத்தார். கணக்குப் பிரிவு மெர்லினைக் கூப்பிட்டு, அதை எடுத்து சானிடைசர் போட்டுத் துடைத்துத் தரச் சொன்னார் செல்வநாதன். பிறகுதான் தொட்டார். “கெமிக்கல் கழுவுற கை பாருங்க,” என்று சிரித்து வேறு வைத்தார். சற்று முன்புதான் மெக்கானிக் சாலமனின் கிரீஸ் கையிலிருந்து அதே பந்தை முகம் சுளிக்காமல் வாங்கியிருந்தார். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற மனிதர். ராயபுரத்துக்குக் குடி வந்த அவருடைய பாட்டன் ஜெபமாலையோடு சாதியையும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருந்தார். பேரன் இரண்டையும் தொலைக்கவில்லை.

பூவம்மா ஹெட் ஆபீஸுக்குப் புகார் கொடுத்தாள். “அவரு வயசுல பெரியவரு, நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும். இப்ப இதக் கிளறினா மொத்த மாற்றமும் நின்னுடும்,” என்று பதில் வந்தது. இன்று டைரக்டர் முன்னால் மாற்றத்தின் வெற்றியைச் செல்வநாதன் விளக்கப் போகிறார். அதன்பின் எல்லா யார்டுக்கும் அவர்தான் தலைவர். அதனால்தான் பூவம்மா கதவை மறித்து நின்றாள்.

நீலமேகம் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கையத் தொடறது அவனுக்குத் தண்டன. அதானே உன் ரோசன? அவனும் அதத்தாம்மா நெனச்சிகினு கீறான். நீயுமா?”

பூவம்மா கதவை விட்டு விலகினாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

“சரி, வரேன். ஆனா பந்து எங்கைக்கு வந்தா அப்பால எனக்குக் குறுக்கால நீ பேசக் கூடாது.”

யார்டில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். டைரக்டர் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். சாலமன் பேசி மெர்லினிடம் கொடுத்தான். மெர்லின் பேசி நீலமேகத்திடம் கொடுத்தாள். அவர் கழுவி முடித்ததைச் சொன்னார், இன்று கழுவப்போவதைச் சொன்னார். புதுச் சட்டையில் நின்ற செல்வநாதன் முகமெல்லாம் சிரிப்பாக, வெறும் கைகள் இரண்டையும் தானாகவே நீட்டினார். பதவி வருகிறது என்றால் தீட்டும் கொஞ்ச நேரம் லீவு போட்டுவிடும் போலிருக்கிறது!

நீலமேகம் அந்தக் கைகளைப் பார்த்தார். பந்தைக் கொடுக்கவில்லை.

“தட ஒண்ணு கீது சார்,” என்றார் டைரக்டரிடம். “முன்ன இந்தப் பந்த நான் நீட்டுனப்போ இவரு வாங்கல. தரையில வெக்கச் சொன்னாரு. இந்தப் பொண்ணு மருந்து போட்டுத் தொடச்சப்புறம்தான் தொட்டாரு. இன்னிக்கு நீங்க வந்துகீறீங்க, ரெண்டு கையும் நீட்டிகினு நிக்கறாரு.”

“சார், அது வந்து...” என்றார் செல்வநாதன்.

“பந்து உங்க கையில இல்ல சார்,” என்றாள் பூவம்மா.

அவர் நீட்டிய கைகள் அப்படியே இருந்தன.

“இவரு தொட்டுத்தான் நான் மனுசனாவணும்னு இல்ல,” என்றார் நீலமேகம். “நான் குடுக்கல.” பந்தை மகள் கையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். “சரி சரி, இதத் தனியா பேசிக்கலாம். பூவம்மா, அவருகிட்ட குடுங்க. ரிப்போர்ட் கேக்கணும்.”

கொடுத்தால் வேலை நிலைக்கும். பூவம்மாவுக்கு அது தெரியும். புதிதாக வாங்கும் வீட்டுக்கான லோன் ஞாபகம் வந்தது. காலையில் அப்பா கேட்ட ‘நீயுமா’ அதற்கு மேலே வந்து நின்றது.

“நான் குடுக்க மாட்டேன் சார்,” என்றாள். “மனசிருக்கிற யாராவது குடுக்கட்டும்.”

பந்தை உள்ளங்கையில் ஏந்தி வட்டத்தின் நடுவுக்கு வந்தாள். சாலமன் கைகளை மார்பில் கட்டிக்கொண்டான். மெர்லின் தலை குனிந்தாள், ஆனால் கை நீட்டவில்லை. கிரேன் ஓட்டுகிற தௌசீஃப் வானத்தைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன.

“வேல கீதுப்பா, வாங்க,” என்று சாலமன் நடந்தான். ஒவ்வொருவராக அவன் பின்னால் போனார்கள். செல்வநாதன் நீட்டிய கைகளை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றிருந்தார்.