ஜெயில் டெலிவரி

உலகத்தில் எத்தனையோ விஷயம் இருக்க, என் மகள் அக்ஸா பள்ளிக்கூட புராஜெக்டுக்குத் தேடிப்பிடித்தது ஒரு சிறைச்சாலையை. இங்கிலாந்தில் ஏதோ கிராமம், அங்கே எண்ணூறு வருடப் பழைய கோட்டை, அதன் அடியில் ஜன்னல் இல்லாத ஜெயில். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது இதுதான். அவளுடைய அப்பா கிறிஸ்துதாஸ், மஸ்கட்டிலிருந்து மீன்பிடிக்கப் போனவர், எல்லை தாண்டியதாகப் பக்கத்து நாட்டுக் காவல்படையிடம் சிக்கி ஐந்து மாதமாக உள்ளே இருக்கிறார். படகில் போனது ஏழு பேர்.

இன்று விடுதலை லிஸ்ட் வரும் என்று அப்துல் ஹாதி காக்கா சொல்லியிருந்தார். இங்கே மஸ்கட்டில், ரூவியில் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர்; அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்களுக்காகத் தூதரகத்துக்கு நடையாய் நடப்பவர். நான் டூட்டிக்கு லீவ் போட்டுவிட்டுத் துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். போனை இருபது தடவை எடுத்துப் பார்த்திருப்பேன்.

"அம்மா, இந்த ஜெயில்ல வருஷத்துக்கு ரெண்டே டெலிவரிதானாம்" என்றாள் அக்ஸா.

பிரசவ வார்டில் பதினோரு வருடமாக நிற்பவள் நான். "ரெண்டே ரெண்டா? அங்கத்த நர்ஸுக்கு நல்ல சொகந்தான்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பேபி டெலிவரி இல்லம்மா! ஜட்ஜ் வந்து எல்லாரையும் விசாரிச்சு ஜெயிலைக் காலி பண்றதுக்குப் பேருதான் டெலிவரி. லிஸ்ட்ல பேர் விட்டுப்போனா, அடுத்த டெலிவரி வரைக்கும் வெயிட் பண்ணணும்."

"மூடு பிள்ளே அந்த லேப்டாப்ப! ஒனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?"

சிரிப்பு நின்றது. "அப்பா எப்படி இருப்பாங்கன்னு நீங்க யாருமே சொல்ல மாட்டேங்கிறீங்க. அதான் நானே படிச்சேன்" என்றாள். துடைத்த துணியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காரும்போதே போன் அடித்தது.

"தங்கச்சி, லிஸ்ட் வந்திரிச்சி." காக்காவின் குரலில் சந்தோஷமே இல்லை. பெபின், ரெனீஷ் என்று ஆறு பேரை வாசித்தார். எல்லாரும் எங்கள் குளச்சல் பிள்ளைகள். "மாப்பிள்ளை பேரு மட்டும் இல்லம்மா. ஏழாவதா யாரோ மிக்கேலடிமைன்னு கிடக்கு. வேற படகு ஆளா இருக்கும். நீ கலங்காதே."

மிக்கேலடிமை! குளச்சல் கல்லறையில் பன்னிரண்டு வருடமாகப் படுத்திருக்கும் என் மாமனார். கிறிஸ்துதாஸின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. நமக்கேது குடும்பப் பெயர் என்று அவருடைய அப்பா பெயரை அங்கே எழுதியது நான்தான். அந்த ஊர்க்காரன் அதை மட்டும் லிஸ்டில் ஏற்றியிருக்கிறான். எங்கள் வார்டிலும் அப்படித்தான். பிறந்த குழந்தையின் கையில் அம்மா பேரைத்தானே கட்டுகிறோம்.

"காக்கா, அது எனக்க மாமனாருக்க பேரு!" தொண்டை கிழியக் கத்தினேன். "பாஸ்போர்ட்ல இவியளுக்க கடைசிப் பேரு அதுதான். பாஸ்போர்ட் நம்பரப் பாருங்க!"

காகிதம் புரளும் சத்தம். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் காக்கா.

அக்ஸா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, டெலிவரி ஆயிடுச்சா?"

"ஆயாச்சு மக்ளே" என்றேன், அழுதுகொண்டே. "அப்பா வருதாவ. கையில தாத்தாக்க பேரக் கட்டிட்டு வருதாவ."