அழித்த பெயரின் முதல் எழுத்து

சித்தப்பா சுப்பராயலு வில்லியனூரில் நடத்திய தட்டச்சுப் பள்ளியைப் பெருக்கித் துடைப்பது வசந்தாவின் வேலை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றவள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கம்ப்யூட்டரின் உறையைக் கழற்றி, அக்கா சிவகாமிக்குக் கடிதம் எழுதுவாள். ஃபைலின் பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துதான் இடம். சிவகாமி சரியாக எட்டு.

அக்கா பிடித்தவனோடு போய் இரண்டு வருஷம். அன்றே அப்பா ரேஷன் அட்டையில் அவள் பெயர்மேல் கோடு போட்டார். பிறகு யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. போன மாதம் தபால்காரர் வழியில் அக்காவின் கார்டு ஒன்றைக் கொடுத்தார். அதிலிருந்த விலாசத்தை ஃபைலில் ஏற்றிவிட்டு, பயத்தில் கார்டை அடுப்பில் போட்டாள் வசந்தா.

இன்று பாண்டியிலிருந்து கம்ப்யூட்டர் கடை உலகநாதன் புது மெஷினோடு வந்தான்.

"பழசுல எல்லா ஃபைலும் ஒரே வரிசை சார். புதுசுல தனித்தனி அறையா தடுத்துக்கலாம். ஒவ்வொண்ணா படிச்சு மாத்திடுவோம்."

சித்தப்பா கண்ணில் படுமே! அவர்கள் பெட்டி இறக்கப் போனதும் அந்த ஃபைலை அழித்துவிட்டாள். அழித்த பிறகுதான் விலாசமும் அதோடு போனது உறைத்தது. ஊர் நெய்வேலி. மற்றது எதுவும் நினைவில் இல்லை.

"ஒரு நோட்டீஸ் அடிச்சிக்கறேன், அப்புறம் மாத்துபா" என்று சித்தப்பா உட்கார்ந்தார்.

"அண்ணே, அழிச்சா போனது போனதுதானா?" என்றாள் உலகநாதனிடம்.

"அழிச்சிட்டியா? பேருல மொதல் எழுத்துதாம்மா போவும். சரக்கு அங்கியேதான் கெடக்கும். மேல வேற எழுதுனாதான் போச்சு. சார், கை வைக்காதீங்க!"

உலகநாதன் தன் பிளாப்பியைச் செருகினான். திரையில் முதல் எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறி நின்றது.

"தலயில்லாம நிக்குது பாரு. இன்னா பேரு, சொல்லும்மா."

தெரியாது என்றால் போதும். நோட்டீஸ் அதன்மேல் ஏறிவிடும். சித்தப்பா அவளையே பார்த்தார்.

"சிவகாமி."

திரையில் கடிதம் திரும்ப வந்தது. அடியில் விலாசம், கதவு எண்ணோடு.

சித்தப்பா குடையை எடுத்தார். "உங்கப்பன பார்த்துட்டு வரேன்."

வசந்தா பேனாவால் விலாசத்தை உள்ளங்கையில் எழுதினாள்.

"புதுசுல இதுக்கு ஒரு அறை போடட்டுமா?" என்றான் உலகநாதன்.

"வேணாம்ணே."

மை காயவில்லை. கையை விரித்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.